“அந்த டப்பாவைத் தூக்கிப் போடு” என்று சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம் வீடியோ கேம் மேட்ச்சில் நடந்ததை இங்கே இருக்கிற பாதிப் பேர் காதாலேயே கேட்டிருப்பீர்கள். நம் டீமில் ஆடும் தம்பியின் லேப்டாப் நடுவில் திணறியது, ரவுண்டு போனது. உடனே ஒருத்தர் மைக்கில், “அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிட்டு வா, அதுவரைக்கும் டீம் பக்கம் வராதே” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தம்பி வாயே திறக்காமல் வெளியேறிவிட்டான். தோற்றதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன், திரும்பத் திரும்பச் சொல்வேன். பழசாகிவிட்டது என்பதற்காக லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. சுத்தம் செய்து, சரிபார்த்து, அதற்குப் பிறகும் நீங்கள் ஆட ஆசைப்படும் கேம் அதில் ஓடவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். மாற்றும் நாளைக் குறிக்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர், பக்கத்தில் உட்கார்ந்து ஆடுபவர் கிடையாது.

தம்பியிடம் மறுநாள் பேசினேன். “ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுதுண்ணா, கால் மணி நேரம் கழிச்சுத்தான் திக்குது” என்றான். எனக்கு இது ஒன்றே போதும். கேமின் படங்களை வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கு வலு போதாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே திணறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது போகப் போகத் திணறினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். லேப்டாப்பின் மூளையான பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃப்ரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சடாரென்று விழும். சிரித்தவர்களில் ஒருவராவது “எப்போ இருந்து திக்குது?” என்று அவனிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?

என்னுடையதும் 2017 மாடல்தான். கோர் ஐ7 7700எச்க்யூ பிராசஸர், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. அதுவும் ஒரு காலத்தில் இதே மாதிரி திணறியது, என்னிடமும் இதே வசனத்தைச் சொன்னார்கள். நான் முதலில் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஃபேனைத் தூக்கியபோது அதன் இறக்கைகளில் அவ்வளவாகத் தூசி இல்லை. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான் இருந்தது எல்லாம். சாம்பல் நிறத்தில், கம்பளித் துணியைக் கத்தரித்து வைத்த மாதிரி ஒரு பட்டை, காற்று போகும் வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது. அடியில் சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதுசு தடவி மூடினேன். 95க்கு மேலேயே நின்ற சூடு 80க்குக் கீழே வந்தது. ஒற்றை 8 ஜிபி ரேமோடு (தற்காலிக நினைவகம்) இன்னொன்றைச் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து வேலை செய்ததில் இடையிடையே வந்த திக்கலும் குறைந்தது. ஆன செலவு புது லேப்டாப்பின் பக்கத்தில் கூட வராது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கேமில் ரெசல்யூஷனை (படத்தின் துல்லியத்தை) ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. ஏறவே இல்லை என்றால் பிராசஸரோ ரேமோ இழுத்துப் பிடிக்கிறது. அஞ்சு நிமிஷ வேலை. இதைக்கூடச் செய்து பார்க்காமல் “வயசாயிடுச்சு, தூக்கிப் போடு” என்று எப்படிச் சொல்ல வருகிறது?

இப்போது சிலர் கிளம்பி வருவீர்கள். “அண்ணே, பாதுகாப்பு என்ன ஆகும்?” இது நியாயமான கேள்வி, மறுக்க மாட்டேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்னுடைய ஏழாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. என் கார்டு சேர்ந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதையும் அதன் நிறுவனமான என்விடியா அதே அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வங்கி வேலையும் கேமும் ஒரே லேப்டாப்பில் பார்ப்பவர் இதை யோசித்தே ஆக வேண்டும். ஆனால் இப்படிக் காரணத்தோடு, தேதியோடு ஒருத்தரிடம் சொன்னால் அவர் உட்கார்ந்து யோசிப்பார். சனிக்கிழமை யாராவது இதையா சொன்னீர்கள்?

“புது கேம் எதுவும் ஓடாதே?” ஆமாம், சிலது ஓடாது. ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ இரண்டும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி உள்ள கார்டு இருந்தால்தான் ஓடும். எவ்வளவு தூசி தட்டினாலும் என்னுடையதில் அது வரப்போவதில்லை. டெஸ்க்டாப் என்றால் கார்டை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த கேம்தான் வேண்டும் என்றால் மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் தம்பி ஆடுவது 2020இல் வந்த வேலரன்ட். லேசான கேம். அதற்கும் புதுசுதான் வேண்டுமா?

“பேட்டரி வீங்கினால்?” அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், டச்பேட் மேலே எழும்பினாலே எச்சரிக்கைதான். அதற்கும் மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான்.

இன்னொன்றும் சொல்வீர்கள் என்று தெரியும்: “காசு இல்லாததுக்கு இதெல்லாம் சாக்கு.” சரி, காசு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது கேலிக்குரிய விஷயமா? ஒரே மேட்ச்சில் தோளோடு தோள் நின்று ஆடுகிறவனிடம் இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

என் நண்பன் ஒருவன் இந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் தவணையில் புது லேப்டாப் வாங்கினான். பெட்டியில் பெரிதாக ஆர்டிஎக்ஸ் 4060 என்று கிராபிக்ஸ் கார்டின் பெயர் போட்டிருந்தது, அதை நம்பினான். லேப்டாப்பில் வரும் 4060க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பது தயாரிப்பாளரின் முடிவு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு வாய்த்தது மெலிந்த உடம்பும் குறைந்த வாட்டும் கொண்ட மாடல். அதே பெயர், அதே எண், ஆனால் விமர்சன வீடியோவில் பார்த்த வேகம் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060இலும் இப்படித்தான், முதலில் வந்த டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி நினைவகம், லேப்டாப்பில் 6 ஜிபி. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து விற்றால் வாங்குகிறவன் எப்படிப் பிரித்தறிவான்? இன்றைக்கும் அவன் அதில் ஆடுவது பழைய லேப்டாப்பில் ஆடிய அதே கேம்தான். தவணை மட்டும் மாசா மாசம் போகிறது. அவனை உசுப்பிவிட்டவர்கள் யாரும் ஒரு மாதத் தவணையைக்கூடக் கட்டவில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

“தூக்கிப் போடு” என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது! எங்கே போடுவது? 2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம். திறந்து தூசி தட்டினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடக்கூடிய ஒரு பொருளை அந்த மலையில் சேர்க்கச் சொல்கிறீர்கள், அதுவும் ஒரு ரவுண்டு போனதற்காக.

நான் எப்போது மாற்றுவேன் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டார்க் ஏஜஸ் ஆட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கான பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வருகிறேன். முழுசாகச் சேர்ந்ததும் வாட் எவ்வளவு, ரேம் கழற்றி மாற்றக்கூடியதா, அடிமூடியை எளிதில் திறக்க முடியுமா என்று பார்த்துத்தான் வாங்குவேன். பழையதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு அக்கா பையனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் “புதுசு எப்போ?” என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்புவேன்.