படம் வந்தது, சேதி வரவில்லை

வகுப்புக் குழுவில் தினமும் படங்களைக் கொட்டும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நானும் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள்தான் என்பதால் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் வரிசையாக நின்று கையைத் தூக்குகிற படம். வண்ணத்தாள் ஒட்டுகிற படம். வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கிற படம். பெற்றோர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கித் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடுகிறார்கள். இருந்தால் ஓர் இதயம் போடுகிறார்கள். இல்லையென்றால் "எங்க பொண்ணு இன்னைக்கு வந்தாளே மிஸ், எந்தப் படத்துலயும் காணோமே" என்று கேள்வி வருகிறது. அன்று வகுப்பில் என்ன நடந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்புறம் சாயங்காலம் வீட்டில் அந்தப் பிரபலமான உரையாடல். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?" "ஒண்ணுமில்ல."

குழந்தை எதையும் மறைக்கவில்லை. ஆறு வயதுக் குழந்தையிடம் ஒரு முழு நாளைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் அது எங்கிருந்து தொடங்கும்? பெரியவர்களுக்கே அது கஷ்டம். "ஆபீஸ்ல இன்னைக்கு என்ன?" என்று கேட்டால் நாமும் "வழக்கம்போலத்தான்" என்றுதான் சொல்கிறோம். சின்னக் குழந்தைகளுக்கு ஞாபகம் வர ஒரு நுனி வேண்டும். "அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தீங்களா?" என்று கேட்டால் கடகடவென்று பேசுவார்கள். ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நடந்ததைப் பற்றிக் குழந்தையோடு விவரமாக, கேள்வி மேல் கேள்வியாகப் பேசும் வீடுகளில், குழந்தையின் நினைவும் கதை சொல்லும் திறனும் நன்றாக வளர்கின்றன என்பது அவர்கள் கண்டது.

ஆக, ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பும் செய்திக்கு என் கணக்கில் ஒரே ஒரு பரீட்சைதான். அன்றிரவு அந்த வீட்டில் பெரியவரும் குழந்தையும் பேசிக்கொள்ள அது ஏதாவது கொடுத்ததா? கொடுத்தால் அது சேதி. இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், விளம்பரம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விதை முளைக்க வைக்கும் பாடம் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் உண்டு. ஈரப் பஞ்சு, கண்ணாடிக் குவளை, நாலு விதை. குவளையைக் கையில் பிடித்துச் சிரிக்கிற படம் போடலாம். என் வகுப்பில் ஒரு குழந்தை கேட்டது: "உள்ள இருட்டாத்தானே இருக்கும், எந்தப் பக்கம் மேலன்னு விதைக்கு எப்படித் தெரியும்?" அந்த வாரம் வீட்டுக்குப் போன கடிதத்தில் இந்தக் கேள்வியை அப்படியே எழுதினேன். பதிலையும் கீழே சேர்த்தேன்: வேர் நுனியில் உள்ள சில செல்களில் மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன, அவை எடையால் கீழே படிவதை வைத்து வேர் கீழ்ப்பக்கத்தை அறிந்துகொள்கிறது. ஆனால் முதலில் குழந்தை என்ன நினைக்கிறது என்று கேளுங்கள், பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு வரி. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போதே சத்தம். ஒருவனுடைய தாத்தா விதையைத் தலைகீழாக ஊன்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாங்களும் ஊன்றினோம்.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா மழலையர் பள்ளிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெற்றோரே முன்னின்று கட்டத் தொடங்கிய பள்ளிகள் அவை. லோரிஸ் மலகுஸ்ஸி என்ற கல்வியாளர் அங்கே வளர்த்தெடுத்த முறையில் ஆவணப்படுத்துவது பாடத்தின் ஒரு பகுதி. சுவரில் படம் இருக்கும். பக்கத்திலேயே குழந்தை வரைந்தது இருக்கும், அது சொன்ன வார்த்தை அதன் வாய்மொழியிலேயே இருக்கும். படத்தை நான் வெறுக்கவில்லை. பக்கத்தில் அந்த வார்த்தை இல்லாத படத்தைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, சண்டையெல்லாம் இங்கேதான் வருகிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். வீட்டில் அம்மாவோ அப்பாவோ கற்றது கடன் வாங்கிக் கழிக்கும் முறை. வகுப்பில் நான் எண்கோட்டில் தாவச் சொல்லியிருப்பேன்: 27-இலிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 50-க்கு 20, இன்னும் 2, மொத்தம் 25. குழந்தை வீட்டில் கோடு போட்டுத் தாவ ஆரம்பித்ததும் "இதென்ன கூத்து, ஒழுங்கா கடன் வாங்கு" என்று அதட்டல். மறுநாள் பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒரு விடை வரும். அழுகையும் வரும். பெற்றோர் மேல் தப்பே இல்லை, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "இந்த வாரம் இப்படிக் கழிக்கிறோம். உங்கள் முறையும் சரிதான், அது பின்னால் வரும். இப்போதைக்கு உங்கள் பிள்ளையை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்" என்று நாலு வரி முன்கூட்டியே போயிருந்தால் அந்த அழுகை இல்லை. வாத்தியார் வேலை தனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் குழந்தையும் நன்றாக விளக்கும்.

சரி, எத்தனை முறை அனுப்புவது? இதற்கு ஆய்வே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பெஞ்சமின் யார்க், சூசன்னா லோப் இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாரம் 3 குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். முதலாவதில் ஒரு தகவல், அடுத்ததில் வீட்டில் செய்யக்கூடிய சின்ன வேலை, மூன்றாவதில் அதை இன்னும் ஒரு படி நகர்த்த ஒரு யோசனை. பெற்றோர் வீட்டில் அந்தச் சின்னச் சின்ன வேலைகளைக் கூடுதலாகச் செய்தார்கள், குழந்தைகளின் எழுத்தறிவிலும் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அந்தக் குழுவினர் வாரம் 1, 3, 5 என்று மாற்றி மாற்றிச் சோதித்தபோது, ஒன்று போதவில்லை, ஐந்து என்றால் பெற்றோர் "வேண்டாம்" என்று விலகுவது கூடியது. பெற்றோரின் கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. தினமும் இருபது படம் அனுப்பி அதைத் தீர்த்துவிட்டால், நாளைக்கு விடுமுறை என்ற செய்தியைக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். இது எல்லா வகுப்புக் குழுவிலும் நடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெரிய பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வும் எனக்குப் பிடிக்கும். மேத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் இருவரும் 2015-இல் வெளியிட்டது. அமெரிக்காவில், தேர்ச்சி பெறாத பாடத்தைக் கோடை வகுப்பில் மீண்டும் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீட்டுக்கு வாரம் ஒரே ஒரு வரி போனது. அந்த மாணவனைப் பற்றி அவனுடைய ஆசிரியர் எழுதிய வரி. தேர்ச்சி பெறாமல் போகிறவர்களின் விகிதம் 41 சதவீதம் குறைந்தது. நன்றாகச் செய்கிறான் என்ற பாராட்டை விட, எதைச் சரிசெய்யலாம் என்று சொன்ன வரிதான் அதிகம் பலித்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். எட்டு வயதுக் குழந்தைக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "சூப்பர்", "வெரி குட்", கைதட்டும் படம், இவையெல்லாம் வீட்டில் யாரையும் எதையும் செய்ய வைப்பதில்லை என்பதை நானும் பார்க்கிறேன். "ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் நிற்காமல் படிக்கிறாள். ராத்திரி ஒரு பக்கம் மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, முற்றுப்புள்ளி வரும்போது மூச்சு விடச் சொல்லுங்கள்" என்றால் உடனே செய்கிறார்கள். செய்து, பதிலும் போடுகிறார்கள்.

இனி கெட்ட செய்தி.

பல வீடுகளில் பள்ளியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. காரணம், நல்லபடியாக இருக்கும்போது நாம் கூப்பிட்டதே இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில், எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். "உங்கள் பையனைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காது கொடுத்தால் போதும். இருட்டுக்குப் பயப்படுவான், ஒரு காது சரியாகக் கேட்காது, அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறார், பாட்டிதான் எல்லாம்: அடையாள அட்டையில் இல்லாத செய்திகள் எல்லாம் இங்கே வரும். பின்னால் ஒரு நாள் சங்கடமான விஷயம் பேச வேண்டி வந்தால் அது இரண்டாவது அழைப்பாக இருக்கும். அந்த வித்தியாசம் பெரியது.

அப்படிப் பேசும்போது பட்டம் கட்டக் கூடாது. "அடங்கவே மாட்டேங்கிறான்" என்பது செய்தி இல்லை, தீர்ப்பு. "கணக்கு நேரத்தில் பக்கத்துப் பையன் நோட்டில் கிறுக்கினான். நான் இடம் மாற்றி உட்கார வைத்தேன், அவன் அழித்துக் கொடுத்தான், விஷயம் முடிந்தது" என்பது செய்தி. அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்ல மறக்கவே கூடாது. பள்ளியில் முடிந்துபோன விஷயத்துக்கு வீட்டில் இன்னொரு தண்டனை வாங்குகிற குழந்தைகள் நிறைய. நாம் ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம், அந்த வரி அங்கே என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்த மாதிரி விஷயத்தை எழுத்தில் அனுப்பவே வேண்டாம், குரலில் பேசுங்கள் என்பது என் கட்சி. குழுவில் போடுவது பற்றிப் பேசவே வேண்டாம். யார் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று பெயர்ப் பட்டியல் போடுகிற பழக்கம் அநாகரிகம், அவ்வளவுதான்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. குழந்தை கை தூக்கினால் ஒரு புள்ளி, பேசினால் ஒரு புள்ளி கழிவு, உடனுக்குடன் அப்பாவின் போனில் மணி என்று சில செயலிகள் வந்திருக்கின்றன. வீட்டாருக்குத் தகவல் சொல்வதில் இதுதான் உச்சம் என்று சிலர் மெச்சுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களான நாம் அலுவலகத்தில் ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தால் வீட்டுக்கு மணி அடிக்கும் என்றால் ஒரு நாள் தாங்குவோமா? குழந்தைக்கும் பள்ளி என்பது வீட்டைத் தாண்டிய முதல் உலகம். அங்கே தோழியோடு சண்டை போட்டு, அரை மணி நேரத்தில் சேர்ந்து, அதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று தானே முடிவு செய்யும் சுதந்திரம் அதற்கு வேண்டும். காயம், மிரட்டல், உடம்பு சரியில்லாதது, தொடர்ந்து வாடிய முகம், இவற்றை மறைக்கக் கூடாது. அன்றைக்கே சொல்ல வேண்டும். மற்றதில் பாதியை விட்டுவிடலாம்.

வாரக் கடிதத்தை நான் அனுப்புவதற்கு முன் வகுப்பிலேயே வாசித்துவிடுவேன். "இதைப் போட வேண்டாம் மிஸ், நானே சொல்லிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த வரியை எடுத்துவிடுவேன். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் 'ரென்ராகுச்சோ' என்று ஒரு தொடர்புக் குறிப்பேடு நெடுங்காலமாக இருக்கிறது. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், வீட்டுப்பாடம் என்ன என்பதைக் குழந்தையே அதில் எழுதிக்கொண்டு போகும், வீட்டில் பார்த்துவிட்டுக் கையெழுத்தோ முத்திரையோ போட்டு அனுப்புவார்கள். சேதியைச் சுமந்து போகிறவர் குழந்தைதான் என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. நம் கைப்பேசி முறையில் ஆசிரியரும் பெற்றோரும் குழந்தையின் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிடுகிறோம்.

செய்தி ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதும் எனக்கு உறுத்தல்தான். அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பாடம் சொல்ல அனுப்பவில்லை, தெரிந்துகொள்ள அனுப்பினார்கள். விவசாயம், கட்டட வேலை, வியாபாரம், மருத்துவ மூலிகை என்று அந்த வீடுகளில் இருந்த அறிவை ஆசிரியர்கள் வகுப்புப் பாடமாக மாற்றினார்கள். 1992-இல் அவர்கள் எழுதிய கட்டுரை ஆசிரியர் பயிற்சியில் இன்றும் படிக்கப்படுகிறது. அந்த அளவுக்கு எல்லோராலும் முடியாது. ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி போட முடியும். அளவுகள் பாடம் தொடங்கும் முன் "உங்கள் வேலையில் எதையாவது அளக்கிறீர்களா?" என்று கேட்டேன். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா அளவு நாடாவோடு வந்து நின்றார். என் பாடத் திட்டத்தை விட அந்த நாடா அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இருக்கிறார்கள், படிக்க நேரமில்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே கடிதத்தை ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். உண்மையில் எல்லோருமே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

"இதுக்கெல்லாம் எங்கே நேரம்?" என்று ஆசிரியத் தோழிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ராத்திரி பத்து மணிக்குப் பெற்றோரின் செய்திக்குப் பதில் போடுவது கடமை இல்லை. பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் பதில் சொல்வேன், அவசரம் என்றால் அழையுங்கள் என்று முதல் வாரமே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்கவில்லை. கடிதத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் போதும். "இந்த வாரம் எதைச் சொல்லலாம்?" என்று கேட்டால் பிள்ளைகளே வரிசையாகச் சொல்கிறார்கள், நான் கரும்பலகையில் எழுதுகிறேன், சண்டை போட்டு மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மொழிப் பாடத்திலேயே சேர்த்தி. படம் எடுத்து, மங்கலானதை நீக்கி, எல்லா முகமும் வந்ததா என்று சரிபார்த்து ஏற்றுவதற்கு ஆகிற நேரத்தை யாராவது கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைத் தொடங்க நினைப்பவர்கள் என் கடிதத்தின் மாதிரியைக் கேட்டால் அனுப்புகிறேன், குழந்தைகளின் பெயரை எடுத்துவிட்டு.