மாநில உரிமைக்காக நடந்த போராம்ல!

அமெரிக்க உள்நாட்டுப் போர், அதாவது அடிமைமுறை வச்சிருந்த தெற்கு மாநிலங்கள் 1861ல பிரிஞ்சு போய் வடக்கோட மோதுன போர், அதைப் பத்தி பேச்சு வந்தாலே நம்ம டைம்லைன்ல யாராவது ஒருத்தர் வந்துடுறாங்க, "அது அடிமைமுறைக்காக நடந்த போரே இல்லைங்க, மாநில உரிமைக்காக நடந்தது, லிங்கனை சும்மா தூக்கிவச்சு கொண்டாடுறாங்க"ன்னு. மாநில உரிமைன்னு சொன்னா நமக்கு இயல்பாவே ஒரு பாசம் வந்துடும், மத்திய அரசை எதிர்த்து நின்னவங்கன்னா நம்மாளா இருப்பாங்கன்னு தோணும், அதனாலதான் இந்தக் கதை நம்மூர்ல ஈஸியா விலை போகுது. ஆனா 1850ல இருந்து 1861 வரைக்கும் நடந்ததை வரிசையா படிச்சா, மாநில உரிமையைக் காலில போட்டு மிதிச்சது அந்தத் தெற்கு மாநிலங்கள்தான்.

1850ல தப்பியோடிய அடிமைகள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. தெற்கத்திய அரசியல்வாதிங்க அடம்பிடிச்சு வாங்குன மத்திய சட்டம் அது. வடக்கு மாநிலத்துக்கு ஓடிவந்த ஒருத்தரை முதலாளி தேடி வந்து "இவன் என் ஆளு"ன்னு சொன்னா போதும், ஜூரி கிடையாது, பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியா சொல்லவும் முடியாது, மத்திய அரசு சார்பா ஒரு கமிஷனர் உக்காந்து முடிவு பண்ணிடுவார். அந்த கமிஷனருக்கு ஃபீஸ் எப்படித் தெரியுமா, திருப்பி அனுப்புனா 10 டாலர், விடுதலை பண்ணா 5 டாலர். கேட்டா திருப்பி அனுப்புறதுக்கு பேப்பர் வேலை ஜாஸ்தியாம்! தப்பிச்சவங்களுக்கு சோறு போட்டு ஒளிச்சு வச்சவங்களுக்கு 1000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். உள்ளூர் சட்டத்துல அடிமைமுறையே இல்லாத மாநிலத்துலயும் இதுதான் நிலைமை.

ஆன்டனி பர்ன்ஸ் கதையை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். வர்ஜீனியால ரிச்மண்ட்ல இருந்து கப்பல்ல ஒளிஞ்சு பாஸ்டனுக்கு வந்து, ஒரு பழைய துணிக்கடைல வேலை பாத்துட்டு இருந்த இருபது வயசுப் பையன். ஊர்ல இருக்கிற சகோதரனுக்கு லெட்டர் போட்டிருக்கான், அவனும் அடிமைதானே, லெட்டர் நேரா முதலாளி கையில போயிடுச்சு. 1854 மே 24 சாயங்காலம் நகைக்கடைல திருடுனான்னு பொய் சொல்லிப் பிடிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஜனங்க கோர்ட் கதவை உடைச்சு அவனை மீட்கப் பாத்தாங்க, அந்தக் களேபரத்துல காவலுக்கு நின்ன ஒருத்தர் செத்தார். ஜனாதிபதி பியர்ஸ் என்ன செலவானாலும் பரவால்ல, சட்டத்தை நிறைவேத்துங்கன்னு தந்தி குடுத்தார். ஜூன் 2ஆம் தேதி ஒத்த ஆளை கோர்ட்ல இருந்து துறைமுகத்துக்கு கூட்டிட்டுப் போக மத்திய அரசோட படை, மரைன்ஸ், பீரங்கி எல்லாம் தெருவுல இறங்குச்சு, ரெண்டு பக்கமும் சுமார் 50,000 பேர் நின்னு த்தூன்னு கத்துறாங்க, ஜன்னல்கள்ல கறுப்புத் துணி, தெருவுக்கு குறுக்கே சுதந்திரம்னு எழுதுன ஒரு சவப்பெட்டி தொங்குது. இதுல பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸோட மாநில உரிமை எங்கங்க போச்சு? தெற்குல இருந்து ஒருத்தராவது "ஐயய்யோ மத்திய அரசு அத்துமீறுது"ன்னு அன்னைக்குக் கண்ணீர் விட்டாங்களா?

அமோஸ் லாரன்ஸ்னு ஒரு பணக்காரர், குடும்பமே பருத்தித் துணி வியாபாரம், தெற்கோட அனுசரிச்சுப் போகணும்னு நினைச்ச ஆளு. பர்ன்ஸ் சம்பவத்துக்கு அப்புறம் அவரே எழுதுறார், ராத்திரி சமரசவாதியா படுத்தோம், எந்திரிக்கும்போது அடிமை ஒழிப்பு வெறியனா எந்திரிச்சோம்னு. அடுத்த வருஷமே மாசசூசெட்ஸ் அந்த மத்திய சட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுற மாதிரி தனிச் சட்டம் கொண்டுவந்துச்சு. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு படி மேல போய் அந்த மத்திய சட்டமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, 1859ல ஃபெடரல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிஞ்சப்போ தெற்குக்கு ரொம்ப சந்தோஷம். மாநில உரிமை பேசுனது இங்க யாருன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்போ பிரிஞ்சு போனவங்க அவங்களே எழுதி வச்ச காகிதத்துக்கு வருவோம். 1860 நவம்பர்ல, புதுப் பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாதுன்னு சொன்ன லிங்கன் ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சார், டிசம்பர் 20ல சவுத் கரோலினா நாட்டை விட்டு வெளியேறுது, காரணம் சொல்லி ஒரு அறிக்கை விடுது. அதுல முக்கியப் புகாரே வடக்கு மாநிலங்க தங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டு தப்பியோடுனவங்களைத் திருப்பித் தர மாட்டேங்குறாங்க, நியூயார்க் வழியா அடிமையைக் கூட்டிட்டுப் போகக்கூட கோர்ட் விடலை, அடிமை ஒழிப்புச் சங்கம் நடத்த விடுறாங்க, இப்படியே போகுது. அதாவது வடக்கு மாநிலங்களுக்கு ஏன் இவ்வளவு உரிமைங்கிறதுதான் புகாரே! மிசிசிப்பி அறிக்கைல சுத்தி வளைக்கவே இல்லை, எங்க நிலைப்பாடு அடிமைமுறையோட முழுசா பிணைஞ்சதுன்னு ஆரம்பத்துலயே போட்டு உடைச்சுட்டாங்க. சவுத் கரோலினா, மிசிசிப்பி ரெண்டுலயும் ஜனத்தொகைல பாதிக்கு மேல அடிமைகள், நாடு முழுக்க கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். அமெரிக்க ஏற்றுமதியில பாதிக்கு மேல பருத்திதான். இதை விட்டுக்குடுக்க அவங்களுக்கு மனசு வருமா.

பிரிஞ்சு போன மாநிலங்க சேர்ந்து கூட்டமைப்புன்னு ஒரு தனி அரசு அமைச்சாங்க, அதுக்குப் புதுசா எழுதுன அரசியல் சட்டத்துல, கறுப்பின அடிமைகள் மேல இருக்கிற சொத்துரிமையைக் குறைக்கிற எந்தச் சட்டமும் போடக்கூடாதுன்னு இருக்கு, எந்த மாநிலத்துக்கும் அடிமையோட போய் தங்கலாம்னு வேற இருக்கு. அப்போ ஒரு கூட்டமைப்பு மாநிலம் நாளைக்கே எங்க ஊருக்கு இதெல்லாம் வேண்டாம்னு நினைச்சாலும் அடிமையோட வர்றவனைத் தடுக்க முடியாது. நல்ல மாநில சுயாட்சி!

இறக்குமதி வரிதான் போருக்குக் காரணம்னு இன்னொரு கதையும் சொல்வாங்க, அதுக்கு ரொம்ப நேரம் ஒதுக்க வேண்டாம். 1857ல அந்த வரி பல வருஷத்துல இல்லாத அளவுக்கு குறைஞ்சிருந்துச்சு, தெற்கு ஆதரவோட. வரியை ஏத்துன சட்டம் 1861 மார்ச்ல வந்தப்போ ஏழு மாநிலம் ஏற்கனவே கிளம்பிப் போயாச்சு.

இதுக்காக வடக்கை யோக்கியர்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. தெற்குப் பருத்தியை நெய்ஞ்ச மில்லு வடக்குல, கடன் குடுத்த பேங்க் நியூயார்க்ல. லிங்கன் சொந்த மாநிலமான இல்லினாய்ஸ்ல வெளியூர் கறுப்பினத்தவர் குடியேறவே கூடாதுன்னு 1853ல சட்டம் போட்டாங்க. போர் ஆரம்பிச்சப்போ லிங்கனோட நோக்கம் நாட்டை ஒண்ணா வைக்கிறதுதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. இன்னும் சொல்லப்போனா, இருக்கிற மாநிலங்கள்ல அடிமைமுறையை மத்திய அரசு தொடவே கூடாதுன்னு ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தை காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம், 1861 மார்ச்ல பாஸ் பண்ணி நீட்டுச்சு. அதுக்கும் பிரிஞ்சு போனவங்க திரும்பி வரலை. ஏன்னா சண்டை பழைய மாநிலங்களைப் பத்தினது மட்டும் இல்லை, கான்சாஸ் மாதிரி புதுப் பிரதேசங்களுக்கும் அடிமைமுறை பரவணும்னு அவங்களுக்கு, பரவ விடமாட்டேன்னு லிங்கனுக்கு. ஏப்ரல் 12 விடியக்காலைல, சவுத் கரோலினால மத்திய அரசு கையில இருந்த சம்டர் கோட்டை மேல தெற்குப் படையோட முதல் குண்டு விழுந்துச்சு, போர் ஆரம்பிச்சுது.

சரி, இந்த மாநில உரிமைக் கதை எங்க இருந்துதான் வந்துச்சு? தெற்குக் கூட்டமைப்போட துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21ல ஜார்ஜியா மாநிலத்துல சவானாங்கிற ஊர்ல பேசுறார், எங்க புது அரசோட மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லைங்கிற உண்மைதான்னு, மேடை போட்டு, கைதட்டல் வாங்கி. நாலு வருஷம் கழிச்சு தோத்து, பாஸ்டன் துறைமுகத்துல இருக்கிற கோட்டைல கைதியா கிடந்தார். வெளிய வந்து ரெண்டு தடிச்ச தொகுதியா புத்தகம் எழுதுனார் பாருங்க, அதுல இந்தப் போர் மாநில அதிகாரமா மத்திய அதிகாரமாங்கிற சட்டப் பிரச்சனையா மாறிப்போச்சு, அடிமைமுறை ஏதோ சின்ன சாக்கு! நம்ம ஆளுங்க ஃபார்வர்ட் பண்றது இந்த ரெண்டாவது ஸ்டீபன்ஸை. ஜெயிச்சுடுவோம்னு நம்பிக்கையோட இருந்தப்போ அந்த ஆளு பேசுனதைத்தான் நான் நம்புவேன்.