தண்ணீர் குடிக்காமல் தி.நகர்

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். முழுசா குடிம்மா என்றேன். "வேண்டாம்டி, வெளியில கிளம்பறோம்ல" என்றாள். அந்த அரை டம்ளர் காபி, மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர், மதியம் நாலு ஸ்பூன் தயிர்சாதம். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும்வரை அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை உடம்பு, சென்னை வெயில். ஏன் குடிக்கவில்லை? குடித்தால் போக வேண்டிவரும், போக இடம் கிடையாது. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். எலெக்ட்ரிக் ரயிலில் எட்டு வயசு அண்ணன் மகள் பாட்டிலை வாயருகே கொண்டுபோய்விட்டு, "அத்தை, குடிக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள். அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம். அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுக்க வேண்டும், பிள்ளைகள் இருவருக்கும் ஊரைக் காட்ட வேண்டும். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தாம்பரத்தில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் எல்லாம் தெரிந்த ஆள் நான்தான். தெரிந்த லட்சணத்தைக் கேளுங்கள். முதலில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது, சோழர் காலத்து நடராஜர், திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்று வழியெல்லாம் பெருமை அடித்தாயிற்று. போனால் கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையாம். இது என் தப்பு, பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து எங்களைக் கூட்டிவந்து இறக்கிய ஆட்டோக்காரருக்குமா தெரியாது? காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி, "அடுத்து எங்க மேடம்?" என்கிறார்.

அடுத்து மாம்பலம். ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 2023-ல் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அண்ணிக்கு ரங்கநாதன் தெருவைக் கீழே இறங்கித்தான் பார்க்க வேண்டும். அங்கே நாம் நடப்பதில்லை, பின்னால் வருகிறவர்கள் நம்மை நடத்துகிறார்கள். நின்று மூச்சு விட்டால் "நடுவழில நிக்காதீங்கம்மா" என்று நாலு குரல். அம்மாவின் முட்டி இரண்டும் அந்தத் தெரு முடிவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டன.

அப்புறம் ஜவுளிக்கடை. ஏழு மாடி. பட்டு மூன்றாவது மாடியில். லிஃப்டுக்கு வரிசை கட்டி ஏறிப்போனால் அந்தத் தளம் முழுவதற்கும் ஆறே ஆறு ஸ்டூல், ஆறிலும் யாரோ ஆறு பேருடைய கணவர்கள், மடியில் பை, கையில் போன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா தூணில் சாய்ந்துகொண்டு புடவை பார்த்தாள். லட்சக்கணக்கில் வியாபாரம் நடக்கிற இடத்தில், முப்பதாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுக்க வந்த கிழவிக்கு ஒரு முக்காலி கிடையாது. ஸ்டூல் போடுகிற இடத்தில் இன்னொரு அடுக்கு வைக்கலாம் என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்.

புடவை பிரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டே இருந்தாள். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. உட்கார மாட்டியாம்மா என்று கேட்டேன். "கஸ்டமர் இருக்கறப்ப உக்காரக்கூடாதுக்கா" என்றாள். காலை பத்திலிருந்து இரவு பத்து வரை அங்கே கஸ்டமர் இல்லாத நேரம் எது?

பாத்ரூம் எங்கே என்று அவளிடமே கேட்டேன். ஐந்தாவது மாடி, பாத்திரப் பிரிவுக்குப் பின்னால். எவர்சில்வர் அண்டாக்களைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு கதவு. ஒன்றில் பூட்டு. இன்னொன்றுக்கு முன்னால் பதினாலு பெண்கள், எண்ணிப் பார்த்தேன், இடுப்பில் பிள்ளையோடு மூன்று பேர். அம்மா அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, வா" என்று திரும்பிவிட்டாள். ஏழு மாடிக்கும் ஏசி போடத் தெரிகிறது, வாசலில் சந்தனம் கொடுத்துக் கும்பிடு போட ஆள் வைக்கத் தெரிகிறது. வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள் என்பது மட்டும் கட்டும்போது யாருக்கும் தெரியவில்லை!

புடவை எடுத்தால் முடிந்ததா? பில் போட ஒரு வரிசை. பணம் கட்ட ஒரு வரிசை. முத்திரை குத்திய சீட்டைக் காட்டிப் பொருளை வாங்கக் கீழ்த்தளத்தில் இன்னொரு வரிசை. மூன்றிலும் நின்றுதான் ஆக வேண்டும். ஐம்பத்தைந்து நிமிஷம் போயிற்று.

பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திக் கல் பெஞ்சு போட்டிருக்கிறார்களே என்பீர்கள். உண்டு. மதியம் ஒன்றரை மணிக்கு அதில் உட்கார்ந்து பாருங்கள், தோசை வார்க்கலாம். இந்தத் தி.நகரே ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் தண்ணீரை வடித்துத்தான் இங்கே வீட்டுமனை போட்டார்கள். ஏரியில் கட்டிய ஊரில் ஒரு வாய் தண்ணீருக்கு என் அம்மா பயப்படுகிறாள்.

மெரினாவுக்கு ஆட்டோ நானூறு ரூபாய் கேட்டார். 2013-ல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால் எழுபத்தைந்து வருகிறது. அந்தக் கட்டணத்தில் இன்று யாராலும் வண்டி ஓட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நானூறா? "அஞ்சு பேர் இருக்கீங்களே" என்றார். அந்த ஐந்தில் இரண்டு அரை டிக்கெட். முந்நூற்றைம்பதுக்குப் பேசி ஏறினோம்.

கடற்கரையில்தான் அம்மா அன்று முதல்முறையாக நிம்மதியாக உட்கார்ந்தாள், மணலில், காலை நீட்டி. பிள்ளைகள் அலையில் நனைந்தார்கள். சுண்டல்காரர் வந்தார். அம்மா வாங்கவில்லை, காரம் தின்றால் தாகம் எடுக்குமாம். இருட்டியபின் எழுந்திருக்க முட்டி மடங்கவில்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம், பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் ஓடிவந்து பின்னால் தாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பாத்ரூமுக்குப் போனாள். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே, மூச்சு விடாமல், கழுத்தெல்லாம் வழியக் குடித்தாள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் புடவையைப் பிரித்தால், கடையில் கத்திரிப்பூ நிறமாக இருந்தது இங்கே கருநீலமாக இருக்கிறது. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: மாற்றிக்கொள்ள ஏழு நாள், திங்கள் முதல் வியாழன் வரை, மதியம் 2 முதல் 5 மணி வரை. திங்கட்கிழமை போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான் வரல. நீயே போயிட்டு வா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல காபியைப் பாதி குடி, போதும்."