கத்தரிக்கோலால் வெட்டினால் கார்டு கணக்கு மூடாது

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பீரோவுல ரெண்டு மூணு கிரெடிட் கார்டு சும்மா கிடக்குதுங்க. வெட்டிப் போட்டுடலாமா? சிபில் அடிபடுமா?"

சிபில் என்பது நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பதிந்து வைத்து ஸ்கோர் போடும் நிறுவனம். அந்த ஸ்கோரையும் பேச்சில் சிபில் என்றே சொல்கிறோம். பதில் கார்டுக்குக் கார்டு மாறும். ஆனால் எடுத்து வைத்துவிட்டு மறந்துபோவது எந்தக் கார்டுக்கும் சரிப்படாது.

ஆண்டுக் கட்டணம்தான் காரணம். ஆயுசுக்கும் இலவசம் என்று நினைத்து வாங்கியிருப்போம். முதல் வருடம் மட்டும் இலவசமாக இருந்திருக்கும். அடுத்த வருடம் 500 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய் ஸ்டேட்மென்ட்டில் ஏறும். ஸ்டேட்மென்ட் போவதோ யாரும் திறக்காத பழைய ஈமெயிலுக்கு. கட்டாத தொகைக்குத் தாமதக் கட்டணம், வட்டி என்று வளரும். பணம்கூடப் பெரிதில்லை, கடன் அறிக்கையில் "பாக்கி" என்று பதிவாகிவிடுகிறதே, அதுதான் வினை. தீபாவளி ஆர்டருக்கு வெள்ளி வாங்கக் கடன் கேட்டுப் போன ஒரு பட்டறைக்காரரை, அவர் ஒருமுறைகூடத் தேய்க்காத கார்டின் பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். நகைக்கடன் வட்டியை ஒரு தவணைகூடத் தள்ளாமல் கட்டியவர் அவர். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடுவதும் வேண்டாம். 300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரில், மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதும் பார்க்கப்படுகிறது. ஒரு கார்டில் 1 லட்சம், இன்னொன்றில் 50,000 லிமிட் என்று வையுங்கள். மாதம் 30,000 செலவு செய்தால் 20 சதவீதம். சும்மா கிடக்கும் 1 லட்சம் கார்டை மூடிவிட்டால் அதே 30,000 ரூபாய் 60 சதவீதமாகிவிடும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே ஸ்கோர் இறங்கும். வீட்டுக்கடன் வட்டியையே ஸ்கோரைப் பார்த்து முடிவு செய்யும் வங்கிகள் பல இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. சீக்கிரம் பெரிய கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், அது கைக்கு வரும்வரை எந்தக் கார்டையும் மூடாதீர்கள்.

கட்டணம் இல்லாத, பழைய கார்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை வங்கியே மூடத் தொடங்கலாம். தகவல் அனுப்பி 30 நாளில் நம்மிடமிருந்து பதில் இல்லையென்றால் மூடிவிடும். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை அந்தக் கார்டில் கட்டுங்கள், போதும். முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். மினிமம் டியூவை, அதாவது குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும்.

கட்டணம் வாங்கும், உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாத கார்டை மட்டும் முறைப்படி மூடுங்கள். அதில் ஓடும் ஓடிடி சந்தா, இன்சூரன்ஸ் பிரீமியத்தை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ரிவார்டு பாயிண்ட்டையும் விட்டுவிடாதீர்கள். பாக்கி எல்லாம் தீர்த்தபின் மூடச்சொல்லி ஈமெயில் அனுப்புங்கள். போனில் மட்டும் சொன்னால் கையில் அத்தாட்சி இருக்காது. பாக்கி இல்லாத கணக்கை வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் நமக்குத் தர வேண்டும். "இன்னும் நல்ல ஆஃபர் தர்றோம் சார்" என்று இழுத்தடிக்கும் இடத்தில் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். அப்போதும் அசையவில்லையென்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

மூடிய ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். காசு கேட்கும் ஆப் எதுவும் தேவையில்லை.

அம்மா, அப்பா பெயரில் கார்டு இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாத சேலத்துக்காரர்கள் தயங்காமல் கேளுங்கள். கார்டை மூடச்சொல்லும் கடிதத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நானே எழுதித் தருகிறேன்.