கொலையாளியை மூன்றாவது எபிசோடிலேயே காட்டிவிட்டார்கள்

ஸ்பாய்லர் எச்சரிக்கை. ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனைப் பார்க்காதவர்கள் பதிவைச் சேமித்து வைத்துவிட்டு, எட்டு எபிசோடையும் முடித்துக்கொண்டு வாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆன தொடர்தான், ஆனாலும் அடுத்த சில வரிகளிலேயே கொலையாளி யாரென்று போட்டு உடைக்கப் போகிறேன். பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1995-இல் நடந்த ஒரு கொலையை ரஸ்ட், மார்ட்டி என்ற இரண்டு போலீஸ் துப்பறிவாளர்கள் துரத்தும் கதை. 2014 ஜனவரி 12-இல் ஹெச்பிஓ சேனலில் தொடங்கி மார்ச் 9-இல் முடிந்தது. எபிசோடு எட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடந்த பிப்ரவரி 2 அன்று ஒளிபரப்பு இல்லை. எட்டையும் எழுதியவர் நிக் பிசலாட்டோ ஒருவரே, எட்டையும் இயக்கியவர் கேரி ஜோஜி ஃபுகுனாகா ஒருவரே. தொலைக்காட்சித் தொடருக்கு இது அபூர்வம். அதனால்தான் ஒரே மூச்சில் எடுத்த எட்டு மணி நேரப் படம்போல இருக்கிறது.

இடைவெளிக்கு முந்தைய ஜனவரி 26, மூன்றாவது எபிசோடு. மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரஸ்ட் கோல் போகிறான். புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி ஒருத்தன் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். கன்னத்துத் தழும்பு தெரியாதபடி தாடியும் அழுக்கும். பாரிஷ் வேலை செய்கிறேன் என்கிறான் (லூசியானாவில் மாவட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்). ரஸ்ட் நாலு கேள்வி கேட்பதற்குள் மார்ட்டி கூப்பிட்டுவிடுகிறான், பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது. அவன்தான் எர்ரல் சில்ட்ரெஸ், கொலையாளி. அடுத்து அவனைப் பார்ப்பது ஏழாவது எபிசோடின் கடைசிக் காட்சியில், மார்ச் 2 அன்று. நடுவில் ஐந்து வாரம்.

அந்த மார்ச் 2 ராத்திரி இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு சேனலில் ரஸ்ட்டாக மேத்யூ மெக்கானஹே, இன்னொரு சேனலில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரோடு அதே மெக்கானஹே. ஃபினாலேவுக்கு, அதாவது கடைசி எபிசோடுக்கு, ஒரு வாரம் மிச்சம். இணையம் முழுக்கத் துப்பறியும் நிபுணர்கள்.

அந்த ஒரு வாரத்தின் தியரிகளை இன்று எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பெரும்பாலானவை துப்பை விட்டுவிட்டுச் சூழலைத் துரத்தின. மார்ட்டியின் முடி பொன்னிறம், ஆகவே கொலைகளுக்குப் பின்னால் இருப்பதாகத் தொடரில் பேசப்படும் ‘மஞ்சள் அரசன்’ அவன்தான் என்றார்கள். அவன் மாமனார்தான் என்றது ஒரு கோஷ்டி. ரஸ்ட் பியர் டப்பாவை வெட்டிச் செய்யும் ஐந்து மனிதப் பொம்மைகளையும், மார்ட்டியின் மகள் ஆட்ரி வட்டமாக அடுக்கிய பொம்மைகளையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டுச் சுற்றவிட்டார்கள். கொலையாளியின் மறைவிடத்துக்குத் தொடரில் வரும் ‘கார்கோசா’ என்ற பெயர் ஆம்ப்ரோஸ் பியர்ஸின் 1886 கதையிலிருந்து ராபர்ட் சேம்பர்ஸின் 1895 நூலுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது என்று தெரிந்ததும், படித்தால் பைத்தியம் பிடிக்கவைக்கும் நாடகத்தைப் பற்றிய அந்தப் பழைய நூலைத் தேடித்தேடி வாங்கினார்கள். கடைசி எபிசோடில் வேற்றுலகப் பூதம் இறங்கும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. இறங்கியது என்னவோ செங்கல் சுவர்களும் குச்சிக் கூடுகளும்தான். நியூ ஆர்லியன்ஸ் ஓரத்தில் இருக்கும் ஃபோர்ட் மகோம்ப் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்டையில் எடுத்தார்கள்.

இத்தனைக்கும் ஃபினாலேவுக்கு முன்பே பிசலாட்டோ பேட்டிகளில், பார்வையாளரை ஏமாற்றும் திருப்பத்தில் தனக்கு நாட்டமில்லை என்று சொல்லிவிட்டார். அதையே ஒரு திசைதிருப்பலாக எடுத்துக்கொண்டவர்களை என்ன செய்வது?

இந்தத் தொடரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தொடரே சொல்லிக்கொடுக்கிற இடம் ஐந்தாவது எபிசோடு. 2012-இல் தனித்தனி அறையில் உட்கார்ந்து ரஸ்ட்டும் மார்ட்டியும் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். முக்கியச் சந்தேக நபரான ரெஜி லெடூவின் மறைவிடத்துக்கு எப்படிப் போனோம், எப்படிச் சரமாரியாகச் சுட்டார்கள் என்று இருவரும் ஒரே மாதிரி ஒப்பிக்கிறார்கள். திரையில் ஓடுவதோ வேறு. சத்தமே இல்லாமல் நுழைகிறார்கள். லெடூவுக்கு விலங்கும் மாட்டியாகிவிட்டது. உள்ளே குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்த மார்ட்டி, விலங்கு மாட்டியவன் தலையில் சுடுகிறான். அதன்பிறகு ரஸ்ட், நடக்காத துப்பாக்கிச் சண்டைக்குச் சாட்சியாக, மரங்களைப் பார்த்து ஏகே துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான். காது கேட்பது பொய், கண் பார்ப்பது நிஜம். இந்தத் தொடரின் இலக்கணம் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு ‘ரஸ்ட்டே கொலைகாரன்’ என்ற தியரி அங்கேயே செத்துப்போயிருக்கும், ஏனென்றால் அது விசாரிக்கிற அதிகாரிகள் வாயால் மட்டும் வருகிறது, படத்தில் ஒரு ஃபிரேம்கூட அதற்கு ஆதரவில்லை.

பறவைக்கூட்டம் வானத்தில் சுழல் வடிவம் போடுவது படத்தில்தானே வருகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது இரண்டாவது எபிசோடு. ரஸ்ட் நான்கு வருடம் போதைப்பொருள் கும்பலுக்குள் வேவு பார்த்தவன், அந்த ரசாயனம் மூளையில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அங்கேயே விளக்கிவிடுகிறார்கள். கடைசியில் கார்கோசாவுக்குள் அவன் பார்க்கும் வானச் சுழலுக்கும் அதே விளக்கம்தான்.

சரி, எது துப்பு, எது வெறும் சூழல்? இந்த மாதிரி இருண்ட, மெதுவான தொடர்களில் எனக்குக் கைகொடுப்பது ஒரே அளவுகோல்: அந்தப் பொருள் போலீஸ் கோப்புக்குள் போனதா? கொலையாளி விட்டுச்செல்லும் குச்சிக் கூடு, மான் கொம்பு, சுழல் எல்லாம் ஒரு கொலையை இன்னொரு கொலையோடு முடிச்சுப் போட உதவும், ஆள் முகவரி தராது. முதல் எபிசோடில் ஒரு சிறுமி சொன்னதை வைத்து வரைந்த படம் ஒன்று வருகிறது. பச்சைக் காதும் நூடுல்ஸ் முகமுமாக ஒரு பூதம் தன்னைத் துரத்தியது என்கிறாள். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது ‘பச்சை’. பயந்த குழந்தை கொம்பு, பல், சிவப்புக் கண் என்று கற்பனை செய்யும். காது மட்டும் பச்சை என்று எந்தக் குழந்தையும் சும்மா சொல்லாது. கேட்பதற்கு அபத்தமாகவும் அதே சமயம் துல்லியமாகவும் ஒரு விவரம் சாட்சி வாயிலிருந்து வந்தால், எழுத்தாளர் அதை எங்கோ பணமாக்கப் போகிறார் என்று அர்த்தம்.

ஃபினாலேவில் அதைத்தான் செய்கிறார். மார்ட்டி பழைய புகைப்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறான். அக்கம்பக்கம் விசாரிக்கப் போனபோது எடுத்த படத்தில் ஒரு வீட்டுக்குப் புதுசாகப் பச்சைப் பெயின்ட். பெயின்ட் அடித்தவன் காதில் பட்டிருந்தால்? அந்த வீட்டுப் பாட்டிக்குத் தழும்பு முகக்காரனை ஞாபகம் இருக்கிறது. பழைய வரிக் கணக்கைக் கிளறினால் வேலை செய்த கம்பெனியின் பெயர், அதிலிருந்து குடும்பம், அதிலிருந்து வீடு. மஞ்சள் அரசன், கறுப்பு நட்சத்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பதினேழு வருடம் பழைய ஒரு பெயின்ட் செலவுக் கணக்கு போதுமாக இருந்தது.

“இவ்வளவுதானா?” என்று பொங்கியவர்களுக்கு இதுதான் பிரச்சினை. மார்ச் 9 ராத்திரி, முதல் ஒளிபரப்பை மட்டும் சுமார் 35 லட்சம் பேர் பார்த்தார்கள், ஹெச்பிஓ கோ செயலி கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. அத்தனை பேரும் முகமூடி கழலும் ஒரு தருணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முகமூடியே இல்லை என்றால் கோபம் வராதா? ஒரே சனி ஞாயிறில் எட்டையும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கோபம் அவ்வளவாக வருவதில்லை. தியரி முளைக்க ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆனால் ரசிகர்கள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. ஆட்ரி விஷயத்தில் தப்பு தொடர் மேல்தான். சின்ன வயதில் பொம்மைகள், பள்ளிக்கூட நோட்டில் விகாரமான படங்கள், வளர்ந்தபிறகு தடம் மாறிய வாழ்க்கை என்று மூன்று காலத்திலும் காமிரா அவளிடம் போய் நிற்கிறது. திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் புதுத் தகவலோடு. இது அலங்காரம் செய்கிற முறை இல்லை, துப்பு வைக்கிற முறை. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. ஃபினாலேவுக்கு முன்பே எமிலி நுஸ்பாம் ‘நியூ யார்க்கர்’ இதழில், இதில் வரும் பெண்கள் தட்டையாக இருக்கிறார்கள் என்று எழுதினார். ஆட்ரியைப் பார்க்கும்போது அவரை மறுக்க வழியில்லை. கொலையாளிக்கு உறவான, செல்வாக்குள்ள டட்டில் குடும்பம் தப்பித்தது வேறு கணக்கு. அதை ஆஸ்பத்திரி டிவியில் ஓடும் செய்தியில் தெளிவாகவே சொல்கிறார்கள், அதுவும் சேர்ந்ததுதான் கதை.

உண்மையிலேயே ஏமாற்றின ஃபினாலே எப்படி இருக்கும் என்பதற்கு 2011-இன் ‘தி கில்லிங்’ அமெரிக்கப் பதிப்பைப் பாருங்கள். ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்று விளம்பரம் செய்து, 13 எபிசோடு உட்காரவைத்து, ஜூன் 19 அன்று பதில் சொல்லாமல் திரையை மூடினார்கள். பதிலுக்கு இன்னும் ஒரு வருடம். அதற்கு வந்த வசவு முழுக்க நியாயம். இதற்கு நேர்மாறு 2013-இன் பிரிட்டிஷ் ‘பிராட்சர்ச்’. எட்டாவது எபிசோடில் ஆளைச் சீக்கிரமே காட்டிவிட்டு, மிச்ச நேரத்தை அந்த ஊர் அந்தச் செய்தியை எப்படித் தாங்குகிறது என்பதற்கே செலவிட்டார்கள்.

2024-இல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் ‘நைட் கன்ட்ரி’ சீசன் வந்தபோது அதே சுழல், அதே டட்டில் பெயர். உடனே பழைய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன, அதே சிவப்பு வட்டங்களோடு. இரண்டு ஃபினாலே சண்டைக்கும் நடுவில் பத்து வருடம் ஓடியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் மூன்றாவது எபிசோடில் அந்தப் புல்வெட்டிக் காட்சி வரும்போது அவன் முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள், தழும்பு கிடைக்காது. ஹெட்ஃபோன் போட்டுக் குரலைக் கேளுங்கள், பிறகு எட்டாவது எபிசோடில் அதே தொண்டையிலிருந்து வரும் விதவிதமான குரல்களைக் கேளுங்கள்.