முறுக்கியவன் ஒருவன், உடைத்தவன் நான்

அளவுக்கு மேல் முறுக்கிவிட்டுப் போன மெக்கானிக் எங்கோ நிம்மதியாகச் சாயா குடித்துக்கொண்டிருக்கிறான். உடைத்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கு. போல்ட் முறியும் நேரத்தில் ஸ்பானரைப் பிடித்திருப்பவன்தான் குற்றவாளி என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அப்படியென்ன பெரிய வேலை செய்யப் போனேன்? அப்பா ஓட்டிய 100 சிசி பைக். சைலன்சர், இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசிந்து 'பட் பட்' என்று அடித்தது. இரண்டு நட்டுகளைக் கழற்றி, உள்ளே கசிவை அடைக்கும் வளையக் காஸ்கெட்டை மாற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அரைமணி நேர வேலை. முதல் நட் மரியாதையாகக் கழன்றது. இரண்டாவது முரண்டு பிடித்தது. பிறகு திடீரென்று லேசாகச் சுற்றியது. அப்பாடா என்று மகிழ்ந்தேன் பாருங்கள், அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கையோடு வந்த நட்டுக்குள் ஸ்டட்டின், அதாவது ஹெட்டில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்டின், முக்கால் பாகமும் இருந்தது. மீதி, ஹெட்டின் மட்டத்திலிருந்து ஒரு நூல் உள்ளே, பிடிக்க ஒரு முனைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து குளச்சல் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். காற்றிலேயே உப்பு. போதாததற்கு இந்த மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரிதான். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகத் திருகுப் பள்ளமான மரைக்குள் அடைத்துக்கொள்கிறது. இரும்புத் துருவோ இரும்பைவிட அதிக இடம் கேட்கும் சாதி. இரண்டும் சேர்ந்து சிமென்ட் போட்டது போல இறுகிவிடுகின்றன. கடலோரத்தில் வண்டி வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா? மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் என்ன, கை தேய்ந்துவிடுமா?

போன முறை மாட்டிய அந்த மெக்கானிக் தடவவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு நீளமான பைப்பைச் செருகி, காலை ஊன்றி முறுக்கினான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். "போதும் அண்ணே" என்றேன். "கையிலேயே அளவு இருக்கிறது தம்பி, இருபது வருட அனுபவம்" என்றான். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கம் தாராளம். 15 சென்டிமீட்டர் ஸ்பானரில் அது ஏறக்குறைய ஏழு கிலோ அழுத்தம். அதே கை, பைப் போட்டு நீளத்தை மூன்று மடங்காக்கினால் முறுக்கமும் மூன்று மடங்கு. ஸ்டட் அன்றைக்கே பாதி செத்துவிட்டது. என் கையில் நடந்தது வெறும் அடக்கம்.

உடைந்ததும் தெருவே கூடிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் ஒருவர். நம் ஊரில் தலைவலிக்கும் அதுதான், துருவுக்கும் அதுதான். இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். பக்கத்து வீட்டு மாமா ஒரு படி மேலே போய், "ஈஸி அவுட் வாங்கிப் போடு மக்களே, தானாக வந்துவிடும்" என்றார். முறிந்த போல்ட்டைக் கழற்றும் கூம்புக் கருவி அது. அந்தப் பேரை வைத்தவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எளிதாக வெளியே வருமாம்! 6 மில்லிமீட்டர் முழு இரும்பே தாங்காமல் முறிந்த இடத்தில், அதன் நடுவில் துளை போட்டு, அதைவிட மெலிந்த ஒரு கூம்பைச் செருகித் திருகினால் எது முதலில் முறியும்? இறுக இறுக அந்தக் கூம்பு ஸ்டட்டை அகட்டி மரையோடு இன்னும் நெருக்குகிறது. யோசித்திருக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை. கூம்புதான் உள்ளேயே முறிந்தது. அதுவும் எப்படிப்பட்ட இரும்பு? கெட்டிப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைத்தான் தோண்டும். 1741-இல் டச்சுக்காரர்களையே மண்டியிட வைத்த குளச்சலில், நான் ஒரு விரல்நுனி நீளமில்லாத இரும்புத் துண்டிடம் மண்டியிட்டுக் கிடந்தேன்.

கடைசியில் ஹெட்டையே கழற்றி, பையில் போட்டு, திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். எண்ணெய் சொட்டிய பையைப் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மா, "என்ன மீன் மக்களே?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

கோட்டாறு பக்கம் ஒரு லேத் பட்டறை. அங்கிருந்த பெரியவர் ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "உடைந்ததுமே கொண்டுவந்திருக்கக் கூடாதா? மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்திருப்பேன். வெல்டிங் இரும்பில்தான் பிடிக்கும், அலுமினியத்தில் ஒட்டாது. கொஞ்சம் ஆறியதும் ஸ்பானர் போட்டால் கழன்று வந்திருக்கும். இந்த எஃகை யார் உள்ளே புதைக்கச் சொன்னது?" நான் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை. பஞ்ச் என்ற கூர் உளியால் தட்டித் தட்டி அந்தக் கூம்பைத் தூளாக்கவே அரைநாள் போனது. பிறகு நடுவைச் சரியாகக் குறித்து ஸ்டட்டைத் துளைத்தெடுத்து, நைந்துபோன மரைக்குப் பதில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை இறக்கிக் கொடுத்தார். அவர் கேட்ட கூலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹெட் காஸ்கெட் புதிது, ஆயில் புதிது, ஒன்பது நாள் பஸ் டிக்கெட், இரண்டு நாள் சம்பளம்: இதையெல்லாம் அந்தப் பைப்காரனிடம் போய்க் கேட்டால் தருவானா? "நீதானே உடைத்தாய்" என்பான்.

நேற்று மாட்டினேன். புது ஸ்டட், மரையில் செம்பு கிரீஸ். செலவானது ஒரு பயறளவு. சின்ன ஸ்பானர், அளவான இறுக்கம், நிறுத்திவிட்டேன். மதில் மேலிருந்து எட்டிப் பார்த்த மாமா, "இன்னும் ஒரு முறுக்கு கொடு மக்களே, ஓட்டத்தில் கழன்றுவிடும்" என்று ஸ்பானருக்காகக் கையை நீட்டினார்.

கொடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து மாமா முகம் கொடுத்துப் பேசுவதில்லை.