பழைய ஹோட்டல்ல மூணு ராத்திரி, லாபியைப் பார்த்து ஏமாந்த கதை

போன மாசம் வேலை விஷயமா வெளியூர் போக வேண்டி வந்துச்சு, மூணு ராத்திரி தங்கணும், அம்மா "நானும் வர்றேன்டா"ன்னு கிளம்பிட்டாங்க. எப்பவும் போய் விழற கண்ணாடி டப்பா ஹோட்டல் வேணாம், இந்த தடவை கொஞ்சம் ஆசைப்படலாமேன்னு தேடுனப்ப கண்ணுல பட்டது இது. ஊருக்கு நட்ட நடுவுல, பஸ்ஸு எல்லாம் வந்து திரும்பற ஜங்ஷன்ல, நூறு வருஷத்தைத் தாண்டுன கட்டடம், ரொம்ப நாள் மூடி வச்சு புதுப்பிச்சு இப்பதான் திறந்துருக்காங்க. போட்டோவைப் பார்த்து மயங்கி புக் பண்ணிட்டேன். பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பாதி புகார்தான் எழுதப்போறேன், அதுவும் இல்லாம இது ஒரு ஹோட்டலோட கதை மட்டும் இல்ல.

லாபி பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, பிரமாதம். மார்பிள் படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி, சரவிளக்கு, ரிசப்ஷன் பின்னாடி அந்தக்காலத்துல சாவி மாட்டுன மரப்பலகை நம்பரோட அப்படியே இருக்கு. சாவிதான் இல்ல, நம்ம கையில குடுக்கறது பிளாஸ்டிக் கார்டு. அம்மா அண்ணாந்து பார்த்துட்டு "சினிமா செட்டு மாதிரி இருக்குடா"ன்னாங்க. அப்ப அதை பாராட்டுன்னுதான் நினைச்சேன்.

ரூமுக்குள்ள போனா எங்க அந்த கட்டடம்? காணோம். வெளியில இருந்து பார்த்தா ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு ஜன்னல், உள்ள ஃபால்ஸ் சீலிங் போட்டு ஜன்னலோட தலையில பாதியை முழுங்கிட்டாங்க. ஏசி டக்ட் போகணும், தீ அணைக்கற தண்ணிக் குழாய் போகணும், வயர் போகணும், எல்லாம் புரியுது, ஆனா அதையெல்லாம் ஓரமா ஒரு பக்கம் பெட்டி அடிச்சு கொண்டு போயிருக்கலாம், நடுவுல உயரத்தை விட்டுருக்கலாம். உயரமான கூரைதான் அந்த ரூமோட சொத்தே. அதை மூடிட்டு கட்டில் தலைமாட்டுல பழைய கட்டடத்தோட கறுப்பு வெள்ளை போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க. ஆளை வெளிய நிறுத்திட்டு அவர் படத்துக்கு மாலை போட்ட கதையா இருக்கு.

அன்னிக்கு ராத்திரி தூங்கலை. ஹாரன் கூட பரவாயில்லைங்க, அது வரும் போகும். சிக்னல்ல நிக்கற பஸ்ஸோட அந்த உறுமல் இருக்கே, காதுல கேக்கறதை விட நெஞ்சுக்கூட்டுலதான் கேக்குது. ஜன்னல் டபுள் கண்ணாடின்னு பெருமையா போட்டிருந்தாங்க, தட்டிப் பார்த்தேன், ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஒரு விரல் கடை இடைவெளி. அந்த மாதிரி கண்ணாடி சூட்டையும் குளிரையும் நல்லா தடுக்கும், ஆனா பஸ் இன்ஜினோட கனமான சத்தத்துக்கு அது பத்தாது. அதுக்கு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல 100 மில்லிமீட்டராவது காத்து இருக்கணும், ஓரத்துல சந்து இல்லாம அடைச்சிருக்கணும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பழைய கட்டடத்துக்கு அது ரொம்ப சுலபமான வேலை. சுவரே அவ்வளவு தடிமன், பழைய மர ஜன்னலை அது இருந்த இடத்துலயே விட்டுட்டு உள்பக்கமா ஒரு சாண் தள்ளி இன்னொரு கண்ணாடி ஜன்னல் போட்டா முடிஞ்சுது, பழசும் தப்பிக்கும் தூக்கமும் வரும். இவங்க பழைய ஜன்னலைப் பிடுங்கிப் போட்டுட்டு திறக்கவே முடியாத கண்ணாடியைப் பதிச்சு, அது மேல மரச்சட்டம் மாதிரி பட்டையை ஒட்டி வச்சிருக்காங்க. ஒட்டுனது ஒரு இடத்துல உரிஞ்சும் போச்சு.

காலையில ரிசப்ஷன்ல போய் நின்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு ரொம்ப தயங்கி, "உள்பக்கம் ஒரு ரூம் இருக்கு சார், ஆனா வியூ இல்ல, சின்னது"ன்னாங்க. குடும்மான்னேன். நடுவுல இருக்கற முற்றத்தைப் பார்த்த ரூம், ஊர்ல ஒரு பஸ் ஓடுதான்னே தெரியலை, எதிர்ல சுவரும் கொஞ்சம் வானமும், அவ்வளவுதான். இதைத்தான் அவங்க மட்டமான ரூம்னு குறைச்ச ரேட்டுக்குப் போட்டிருக்காங்க! நெருக்கடியான ஊர்ல நடுவுல முற்றம் விட்டு கட்டுனதே வெளிச்சமும் காத்தும் வரணும், தெருச்சத்தம் வரக்கூடாதுன்னுதான். கட்டுனவனுக்குத் தெரிஞ்சது விக்கறவனுக்குத் தெரியலை.

அந்த ரூம்லயும் ஒரு வம்பு இருந்துச்சு. பாத்ரூம் வாசல்ல ஒரு படி. அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி அரைத்தூக்கத்துல எழுந்து போய் ஒரு தடவை தடுக்கி, கதவைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. "எவன்டா பாத்ரூமுக்கு மேடை கட்டுனது"ன்னு அடுத்த நாள் முழுக்க இதே பேச்சு. ஷவர்ல சுடுதண்ணி வர லேட்டாகுதுன்னு பிளம்பர் ஒருத்தர் வந்தப்ப அவர்கிட்டயே கேட்டேன். மனுஷன் சந்தோஷமா உக்காந்து விளக்குனார். கட்டுனப்ப ரூமுக்குள்ள பாத்ரூமே கிடையாதாம், வராந்தா கடைசியில பொதுவாத்தான் இருந்துச்சாம். இப்ப ஒவ்வொரு ரூம்லயும் ஒரு மூலையை வெட்டி பாத்ரூம் ஆக்கியிருக்காங்க. கழிவுக்குழாய் சரிவா போகணும்ல, பெரிய குழாய் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு இங்க தரையை ஏத்தணும், பழைய உத்தரத்தை வெட்டவும் கூடாது, அதனால படி. சுடுதண்ணியும் அவ்வளவு தூரம் சுத்தி வந்தாகணும், அதனால லேட்டு.

இது அந்த ஹோட்டல் மட்டும் இல்ல, ஹோட்டல்ங்கற தொழிலோட சரித்திரமே குழாய் சரித்திரம்தான். 1829-ல பாஸ்டன்ல திறந்த ட்ரெமான்ட் ஹவுஸ் ஹோட்டல்ல கட்டடத்துக்குள்ளயே கழிப்பறை இருந்ததை அதிசயமா பேசுனாங்க, அதுவும் மொத்தமே எட்டு, எல்லாம் தரைத்தளத்துல. 1898-ல பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டல் திறந்தப்ப ரூமோட ஒட்டி குளியலறைங்கறது ராஜபோகம். 1908-ல அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல ஸ்டாட்லர்னு ஒரு ஹோட்டல்காரர்தான் ரெண்டு ரூம் பாத்ரூமை முதுகோட முதுகு ஒட்ட வச்சு நடுவுல ஒரே குழாய்ச் சந்து விட்டு, சாதாரண ஆளுக்கும் ரூம்ல பாத்ரூம் கிடைக்கற மாதிரி பண்ணார். அதுக்கு முன்னாடி கட்டுன எந்த கட்டடத்துக்குள்ளயும் பாத்ரூமை திணிக்கும்போது எங்கயாவது ஒரு படி முளைக்கத்தான் செய்யும். சரி முளைக்கட்டும், ஆனா புக் பண்றப்பவே சொல்லித் தொலைங்கய்யா. வயசானவங்க வர்றாங்களான்னு ஒரு கேள்வி, படி இல்லாத ரூம் எதுன்னு ஒரு லிஸ்ட், இதுக்கு என்ன செலவு?

லிஃப்ட் பத்தி சொல்லணும். ரெண்டு ஆளும் ஒரு பெட்டியும் ஏறுனா மூச்சு முட்டும், படிக்கட்டு நடுவுல இருந்த கிணறு மாதிரி சந்துல இறக்கியிருக்காங்க, இறங்குனா அரை மாடி நடக்கணும். கட்டுனப்ப லிஃப்டே இல்ல போல. கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட்டைக் கண்டுபிடிச்ச ஓட்டிஸ் 1854-ல நியூயார்க் கண்காட்சியில எல்லார் முன்னாடியும் தான் நிக்கற மேடையோட கயித்தை வெட்டச் சொல்லி, விழாம நின்னு காட்டுனாரே, அதுக்கப்புறம்தான் ஜனங்களுக்கு இந்தப் பெட்டி மேல நம்பிக்கை வந்துச்சு. லிஃப்ட் இல்லாத காலத்துல மேல போகப் போக ரூம் மட்டம், உச்சியில வேலையாளுங்கதான் படுப்பாங்க, முதல் மாடிதான் பெரிய மனுஷங்களுக்கு. லிஃப்ட் வந்ததும் அப்படியே தலைகீழ். அதனால லிஃப்ட்டுக்கு முந்தின கட்டடத்துல "டாப் ஃப்ளோர் ஸ்பெஷல்"னு யாராவது ஆசை காட்டுனா ஜன்னல் சைஸைப் பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க. குட்டி ஜன்னலும் தாழ்ந்த கூரையும் இருந்தா அது முதலாளி ரூமா இருந்திருக்காது.

ஒரு விஷயத்துல நான் தப்பா நினைச்சிருந்தேன், அதையும் ஒத்துக்கறேன். ரூம் கதவுக்கு மேல பழைய வென்டிலேட்டர் ஜன்னல் இருக்கு, அதை உள்பக்கம் பலகை அடிச்சு மூடிட்டாங்க. இதையும் கெடுத்துட்டாங்களேன்னு திட்டிக்கிட்டே இருந்தேன், என்ன அழகான ஏற்பாடு, கதவைப் பூட்டிக்கிட்டே காத்து வாங்கலாம்னு. அந்த பிளம்பர்தான் "தீப்பிடிச்சா புகை அது வழியாத்தான் சார் உள்ள வரும்"னார். வந்தப்புறம் தேடிப் படிச்சேன். அட்லாண்டாவுல வைன்காஃப் ஹோட்டல், 15 மாடி, 1913-ல திறந்தது, தீயே பிடிக்காத கட்டடம்னு விளம்பரம் பண்ணாங்க. 1946 டிசம்பர் 7 விடியக்காலைல தீப்பிடிச்சு 119 பேர் செத்துப்போனாங்க. இறங்கறதுக்கு ஒரே ஒரு படிக்கட்டு, தண்ணி தெளிக்கற ஏற்பாடு கிடையாது, கதவு மேல இருந்த இந்த மாதிரி ஜன்னல்கள் தீ ரூமுக்கு ரூம் தாவ வழி விட்டுச்சு. அதைப் படிச்சப்புறம் அந்தப் பலகை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சீலிங்ல போற தண்ணிக் குழாய் மேலயும் இல்ல. மூடுனதைப் பத்தி எங்கயாவது ஒரு வரி எழுதி வச்சிருந்தா ரெண்டு நாள் வீணா திட்டியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என் குறையே இதுதாங்க, மாத்துனது குறை இல்ல, மாத்துனதை மறைக்கறாங்களே அதுதான். புதுப்பிக்கறது எவ்வளவு கொடுமையான வேலைன்னு யாருக்கும் தெரியாம இல்ல. லண்டன் சவாய் ஹோட்டல் 2007 டிசம்பர்ல மூடுனப்ப 16 மாசத்துல திறந்துடுவோம்னாங்க, திறந்தது 2010 அக்டோபர்ல, செலவு ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. சுவரைத் திறந்தாத்தானே உள்ள என்ன பூதம் இருக்குன்னு தெரியும். நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா 2017-ல மூடுனப்ப 1,400-க்கு மேல ரூம், 2025-ல திறந்தப்ப ஹோட்டல் ரூம் 375 தான், மிச்ச இடத்துல நிறைய வீடா மாறி விலைக்கு வந்துடுச்சு. அதே கட்டடமா அதே ஹோட்டலான்னு கேட்டா எனக்கு பதில் சொல்லத் தெரியலை. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் 1887-ல பத்து ரூமோட ஆரம்பிச்சது, ஒவ்வொரு காலத்துலயும் ஒரு பக்கம் வளர்ந்துச்சு, 1989-ல மூடி புதுப்பிச்சப்ப 1915 வாக்குல இருந்த கோலத்துக்குத் திருப்பணும்னு முடிவு பண்ணாங்க. அப்போ 1915-க்கு அப்புறம் சேர்ந்ததெல்லாம் சரித்திரம் இல்லையா? யோசிச்சா தலை சுத்தும். ஆனா ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து இதுதான்னு வெளிப்படையா சொன்னதுல ஒரு நேர்மை இருக்கு. பொத்தாம்பொதுவா "அந்தக்கால அழகு"ன்னு எழுதறாங்களே, எந்தக்காலம்யா?

இத்தனை திட்டுனாலும் ஒரு இடம் மனசுல நிக்குது. ரெண்டாவது மாடி வராந்தாவுல பழைய பூக்கோலம் போட்ட டைல்ஸ், தேஞ்சு வழவழன்னு, நடுவுல உடைஞ்ச இடத்துல மட்டும் புது டைல்ஸ். அதே பூ, ஆனா கலர் ஒரு பிடி வெளுப்பு. அம்மா உடனே "ஒட்டு போட்டது பளிச்சுன்னு தெரியுது பாரு, கொஞ்சம் கலரைச் சேத்திருக்கக் கூடாதா"ன்னாங்க. தெரியணும்மா, அதுதான் சரின்னேன். 1964-ல வெனிஸ்ல பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற நிபுணருங்க கூடி எழுதுன சாசனத்துலயே இருக்கு, காணாமப் போன இடத்துல வைக்கற புதுசு மொத்தத்தோட ஒத்துப் போகணும், ஆனா பழசுலருந்து பிரிச்சுப் பார்க்கவும் முடியணும், இல்லன்னா அது சரித்திரத்தைப் பொய்யாக்கறதுன்னு. அந்த வராந்தாவைப் பண்ணவனுக்கு இது தெரிஞ்சிருக்கு. அதே கட்டடத்துல ரூம் ஜன்னல்ல மரம் மாதிரி பட்டை ஒட்டுனவனும் இருக்கான். ரெண்டு பேரும் ஒரே கேன்டீன்ல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்கன்னு நினைச்சா சிரிப்பு வருது.

இன்னொண்ணு, சட்டுனு சொல்லிடறேன். ரூம்ல நுழைஞ்சதும் வாசனைத் திரவியம் தூக்கலா அடிச்சா சுவரோட அடிப்பக்கம் பாருங்க. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும் வெளிய விடும், அதுக்கு மேல சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், கொஞ்ச நாள்ல பொரிஞ்சு உதிரும். எங்க முதல் ரூம்ல கட்டிலுக்குப் பின்னாடி அந்த வேலை ஆரம்பிச்சாச்சு. புதுப்பிச்சு திறந்து இன்னும் வருஷம் திரும்பலை.

கிளம்பற அன்னிக்கு ரிசப்ஷன் பொண்ணு டேப்லெட்டை நீட்டி ஸ்டார் போடச் சொன்னாங்க. லாபிக்கு எத்தனை, ரூமுக்கு எத்தனை, ஊழியருக்கு எத்தனைன்னு தனித்தனியா இருக்கு, சத்தத்துக்கும் படிக்கும் இடமே இல்ல. கீழ இருந்த காலி இடத்துல "தெருப்பக்க ரூமைப் பத்தி முன்னாடியே சொல்லுங்க, உள்பக்க ரூம்தான் உங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல ரூம், அதை மட்டம்னு போடாதீங்க"ன்னு அடிச்சேன். அந்தப் பொண்ணு எட்டிப் பார்த்துட்டு மெதுவா, "வேணாம் சார், அப்புறம் அதுக்கும் ரேட்டை ஏத்திடுவாங்க"ன்னாங்க. அழிச்சுட்டேன். பெட்டியை எடுத்துட்டு வெளிய வந்தப்புறம் அம்மா கேட்டாங்க, "படியைப் பத்தி எழுதுனியா?" அதையும் சேர்த்து அழிச்சிருந்தேன். திரும்ப உள்ள அனுப்பிட்டாங்க.